கட்டிலுக்கடியில் இரண்டு வட்டங்கள்

இங்கே தூறலுக்குச் சிரிமிரி என்று பெயர்.
சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.
அக்டோபரில் பிடித்தால் மே வரை
பெய்ததாகவும் இருக்காது, விட்டதாகவும் இருக்காது.
கல்பொடியும் லாரி எண்ணெயும் குழைந்து
பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே
அரம்போல் உட்கார்ந்துகொள்ளும்.

எல்கேட்டா இறக்கம், மூன்றாவது வளைவு.
முன்சக்கரத்தின் விளிம்பு
மத்தி மீன் டப்பாவின் மூடிபோல உரிந்தது.
வெடிச்சத்தம். அப்புறம்
வேலிக்குள் ஒரு பசு தலைதூக்கிப் பார்த்தது.
முழங்கையோடு போயிற்று.

உரிந்த துண்டை ஷிப்டுக்கு எடுத்துப் போனேன்.
லேத் ஓட்டுகிறவள் நான்,
அளக்காமல் அழத் தெரியாது.
காலிப்பர் சொன்னது: பூஜ்யம் புள்ளி ஏழு.
பிறந்தபோது ஒன்றரை மில்லிமீட்டர் இருந்திருக்கும்.
பாதிக்கு மேல் உலோகத்தை
என் விரல்களே அழுத்தி அழுத்தி
சாலையில் கரைத்திருக்கின்றன.
காலுறையில் வழிந்த அந்தக் கறுப்புச் சாற்றை
இத்தனை நாளும்
அழுக்கென்று துவைத்திருக்கிறேன்.

இரவு, சமையலறைத் தராசிலிருந்து
அவரைக்கொட்டைக் கிண்ணத்தை இறக்கிவிட்டு
இரவல் வாங்கிய ஹப்புகளை ஏற்றினான் ஒயேர்.
"சிவப்பு, இருநூற்று முப்பது கிராம்.
அந்தச் சாம்பல் பூதம், முந்நூற்று எழுபது.
நடுவில் இருப்பது ஒரு மிடறு சைடர்."
"அப்படியானால் அந்த மிடறை நீ குடிக்காதே" என்றேன்.
சிவப்பு அழகுதான். சுண்டினால் நிற்க மறந்து சுற்றியது.
ஆனால் அதே அலுமினிய உடலைப் போன வருடம்
பல்சக்கரங்கள் கடித்துக் கவ்வ,
சுத்தியலால் அடித்துக் கழற்றியவன்
இதே ஒயேர்தான்.
அதைப் பற்றி அவன் பேசவில்லை.
நானும்.

பெர்காராவில் எனெரிட்ஸ் கடை.
அவள் விலை கேட்கவில்லை, எடை கேட்கவில்லை.
"சைக்கிள் எங்கே தூங்குகிறது?"
பால்கனியில்.
"மழையில் வந்தால் எப்போது துடைப்பாய்?"
பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.
"சரி. பித்தளை நிப்பிள்"
என்று எழுதிக்கொண்டாள்.

சாம்பல் ஹப்பைத் திறந்து காட்டினாள்.
உள்ளே எஃகு. பேரிங்கின் மேல் எண்: 6902.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் ஆலைக் கன்வேயரில் உருளுவதும் அதே எண்.
எந்த இரும்புக் கடையிலும், எந்த ஊரிலும்,
ஞாயிறு தவிர எந்த நாளும் கிடைக்கும்.
அதற்குமேல் உறுதி என்று
வேறு எதைக் கேட்பது?

ரிம் மட்டும் விவாதமானது.
முப்பத்திரண்டு துளை, அதில் சண்டையில்லை.
கனமாக, தடிப்பாக, தேயவே தேயாததாகக் கேட்டேன்.
பக்கச்சுவரில் நகக்கண் அளவுள்ள குழியைத்
தடவச் சொன்னாள்.
"இந்தக் குழி விரலுக்குத் தட்டுப்படாத நாளில்
இவனைத் தூக்கிப் போடு.
ஹப்பைப் போடாதே.
தேய்வதுதான் இவன் வேலை.
நீ நிற்கிறாய் அல்லவா, அது இவன் உடம்பிலிருந்து."

பிறகு குரலைத் தாழ்த்தி,
மறைவாக விற்கும் பொருள்போல,
"இரண்டு வருடத்தில் அச்சை மாற்றிவிடுவார்கள்.
அரை மில்லிமீட்டர் வேறுபட்டாலும்
இந்த ஸ்போக்குகள் சேராது.
மூன்றாக வாங்கிக்கொள்."

வாங்கிக்கொண்டேன்.

திங்கள், விடியாத ஐந்து மணி, சிரிமிரி.
முதல் வளைவில் பிரேக்கைத் தொட்டதும்
ஸ்ஸ்ஸ் என்று மணல் பேசியது.
முன்பும் இதே சத்தம்தான்,
இப்போது அதில் சில்லறை கேட்கிறது.
கொஞ்சம் முன்னதாகவே பிடிக்கிறேன்,
கொஞ்சம் லேசாக.

மற்ற இரண்டும் கட்டிலுக்கடியில்,
ஒரு துளையிலும் கம்பி கோக்காமல்.
இருட்டில் கால்விரலை இடித்துக்கொண்டு
ஒயேர் வாரம் ஒருமுறை சபிக்கிறான்.
என் கணக்கில் முதலாவது
நான்கு மழைக்காலம் தள்ளி இறங்கும்.
கடைசியானது தேய்ந்து முடிகையில்
வீட்டுக் கடனும் முடிந்திருக்கும்.
வங்கிக்காரன் அவ்வளவு துல்லியமாகச்
சொன்னதில்லை.